அத்திமரத்துச் சில்வண்டும் அசிசியாரும்

புனித பிரான்சிஸ் அசிசியாரின் சுரூபத்தைக் காணாத கத்தோலிக்கர் எம்மிடையே இருக்க மாட்டார்கள். மண்ணிற அங்கி, இடையிலே முடிச்சிட்ட கயிறு, தோளிலே ஒரு புறா, நீட்டிய கையிலே ஒரு சிறு குருவி, காலடியிலே சாதுவாகப் படுத்திருக்கும் ஓநாய். முகத்திலே எந்நாளும் மாறாத புன்னகை. அந்தப் புன்னகையைப் பார்த்துப் பார்த்து, மனச்சோர்வு என்றால் என்னவென்றே அறியாமல் பிறந்து வளர்ந்து மரித்தவர் இவர் என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். பறவைகளோடு பேசியவருக்குக் கவலை ஏது என்று எண்ணுகிறோம்.

வாசக அன்பர்களே, அந்த எண்ணம் தவறானது. அசிசியார் மனச்சோர்வை நன்றாக அறிந்தவர். வாலிபத்தில் ஒரு முறையும், முதிர்ந்த பருவத்தில் ஆண்டுக்கணக்காகவும் அதன் கையில் அகப்பட்டவர். முதல் முறை அவர் இயற்கையிடம் போய்த் தேறுதல் தேடியபோது அது அவருக்குக் கிடைக்கவில்லை. பின்னொரு காலத்தில், கண்பார்வை மங்கி, வெளிச்சத்தையே பார்க்க முடியாத நிலையில் இருந்தபோது கிடைத்தது. இந்த இரண்டுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதைத்தான் இவ்வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இத்தாலி தேசத்தின் ஊம்பிரியாப் பகுதியில், சுபாசியோ மலைச் சாரலில் அமைந்த நகர் அசிசி. அங்கே 1181ஆம் அல்லது 1182ஆம் ஆண்டில் பிரான்சிஸ் பிறந்தார். தந்தை பியேத்ரோ பெர்னர்தோனே பெரிய புடைவை வர்த்தகர். பிரான்சு தேசத்துச் சந்தைகள் வரை போய்வந்தவர். கையில் காசு தாராளமாகப் புழங்கிய வீடு. மகன் பாட்டும் விருந்தும் தோழர் கூட்டமுமாக வளர்ந்தார். இரவு வேளைகளில் அசிசித் தெருக்களில் பாடித் திரிந்த வாலிபர்களுக்கு அவரே தலைவர்.

அசிசிக்கு எதிரே, பள்ளத்தாக்குக்கு அப்பால், ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தொலைவில் பெரூஜியா என்னும் நகர் இருக்கிறது. அக்காலத்தில் இரண்டு நகர்களுக்கும் தீராப் பகை. 1202ஆம் ஆண்டு கொலெஸ்திராதா என்னும் இடத்தில் நடந்த சண்டையில் அசிசி தோற்றது. பிரான்சிஸ் பிடிபட்டு, பெரூஜியாவில் ஓராண்டளவு மறியலில் கிடந்தார். வியப்பான செய்தி என்னவென்றால், அந்த மறியலில் அவர் சோர்ந்து போகவில்லை. விலங்கோடு இருந்தபோதும் சிரித்துப் பேசினார் என்றும், கூட இருந்தவர்கள் இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று கேட்டார்கள் என்றும் அவருடைய பழைய வரலாறுகள் கூறுகின்றன. யாரும் சேர்த்துக்கொள்ளாத சிடுமூஞ்சி வீரன் ஒருவனோடு பொறுமையாகப் பழகி, மற்றவர்களோடு அவனை ஒப்புரவாக்கியவரும் அவரே.

சோர்வு பிறகுதான் வந்தது. விடுதலையாகி வீடு திரும்பியபின் நீண்ட நோயொன்று அவரைப் படுக்கையில் போட்டது. ஆபத்தின் நடுவே நிமிர்ந்து நின்ற மனம், ஆபத்து முடிந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்த பின்னரே நொறுங்குவதுண்டு. போரையும் இடப்பெயர்வையும் கண்ட எமது குடும்பங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நோய் சற்றுத் தணிந்தது. முதலில் தடியை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குள்ளே நடந்தார். பின்னர் ஒரு நாள் நகருக்கு வெளியே போய் நாட்டுப்புறத்தைப் பார்த்தார். அசிசியில் நின்று பார்த்தால் கீழே ஸ்பொலேத்தோப் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். வயல்களும், முந்திரிகைத் தோட்டங்களும், ஒலிவ மரங்களும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெரியும். சிறு வயது முதல் அவர் நேசித்த காட்சி. நோயில் கிடந்த நாட்களில் அதைக் காண ஏங்கியும் இருப்பார். ஆனால் அன்று அது அவரை அசைக்கவில்லை. வயலின் பசுமையும் முந்திரிகைத் தோட்டத்தின் அழகும் கண்ணிற் பட்டன, மனத்திற் படவில்லை. தமக்கு என்ன நேர்ந்துவிட்டது என்று தம்மைப் பற்றியே அதிசயித்துக்கொண்டு திரும்பினார்.

இதை எழுதி வைத்தவர் தோமஸ் செலானோ. அசிசியாரின் சபையைச் சேர்ந்த துறவி. அவரை நேரிலே அறிந்தவர். ஒன்பதாம் கிரகோரியார் பாப்பரசரின் கட்டளைப்படி முதல் வரலாற்றை எழுதியவரும் அவரே. ஒரு புனிதரின் வரலாற்றைத் தொடங்கும்போதே, இயற்கை இவரைத் தேற்றவில்லை என்று எழுத எவ்வளவு நேர்மை வேண்டும்! செலானோ இதில் இறைவனின் கரத்தைக் காண்கிறார். உலக இன்பங்களில் பற்று விடும்படி இறைவன் இவரை ஆயத்தம் செய்தார் என்பது அவருடைய விளக்கம். அதை நான் மறுக்கவில்லை. ஆயினும், துயரப்பட்ட ஒருவரிடம் போய், கொஞ்சம் வெளியே நடந்துவிட்டு வா, கடற்கரையைப் பார், காற்று வாங்கு, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோமே, அந்த எமது பழக்கத்தையும் இந்தச் சம்பவம் கேள்வி கேட்கிறது. அவர் வெளியே போனார், பார்த்தார், ஒன்றும் சரியாகவில்லை. அதற்காக அவரை நன்றியற்றவர் என்று யாராவது கூறுவார்களா? உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அவரிடமும் அப்படிக் கூறாதீர்கள்.

அடுத்து வந்த ஆண்டுகளின் கதையை நீங்கள் அறிவீர்கள். மாவீரனாகப் புகழ் பெறப் புறப்பட்டு ஸ்பொலேத்தோவில் இருந்து திரும்பியது, தொழுநோயாளரை அரவணைத்தது, இடிந்த சான் டமியானோக் கோவிலில் பாடுபட்ட சுரூபத்தின் முன் செபித்தது, 1206ஆம் ஆண்டளவில் ஆயர் முன்னிலையில் உடுத்த உடையையும் கழற்றித் தந்தையிடம் கொடுத்தது, 1209ஆம் ஆண்டளவில் முதற் சகோதரர்களோடு உரோமாபுரிக்கு நடந்து சென்று மூன்றாம் இன்னொசெந்து பாப்பரசரின் வாய்மொழி அனுமதியைப் பெற்றது எல்லாம் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலேயே சொல்லித் தரப்படுபவை. அவற்றை விட்டு எமது பொருளுக்கு வருவோம்.

சிறு உயிர்களோடு அவருக்கு உண்டான சந்திப்புகள் இந்தக் காலத்துக்குப் பின்னரே நிகழ்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். அவர் இனிமேல் மலைமேல் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்துத் தமக்கு ஆறுதல் தா என்று கேட்பவராக இல்லை. காலடியில் கிடக்கும் ஒன்றன் முன் நிற்கிறார். அதுவும் வெறுமனே நிற்பதில்லை. அதற்கு ஏதாவது செய்கிறார்.

வழியிலே ஒரு புழு நெளிந்தால், நடப்போர் மிதித்துவிடுவார்கள் என்று குனிந்து எடுத்து ஓரத்தில் விட்டுவிட்டுப் போவார். மாரிக் காலத்துக் குளிரில் தேனீக்கள் மடிந்துவிடாதபடி அவற்றுக்குத் தேனும் நல்ல முந்திரிகை இரசமும் வைக்கச் செய்வார். வறுமையையே மணவாட்டியாகக் கொண்ட ஒரு துறவி தேனீக்களுக்கு நல்ல இரசம் வாங்கி வைத்ததை நினைக்கும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, மரியாதையும் வருகிறது.

கிரேச்சோ என்னும் ஊரில் கண்ணியில் அகப்பட்ட முயலொன்றைச் சகோதரர் ஒருவர் உயிரோடு கொண்டுவந்தார். ஏன் இப்படி ஏமாந்து போய் அகப்பட்டாய் என்று முயலைக் கடிந்துகொண்ட அசிசியார், அதை மடியில் வைத்துத் தாயைப்போல் தடவிக் கொடுத்தார். பிறகு ஓடிப்போகும்படி நிலத்தில் விட்டார். அது ஓடவில்லை, மடிக்கே திரும்பி வந்தது. திரும்பத் திரும்ப இறக்கி விட்டும் அதே கதைதான். கடைசியில் பக்கத்துக் காட்டுக்கு அதைக் கொண்டுபோய் விடும்படி சகோதரர்களிடம் கொடுத்தனுப்பினார்கள். ரியெத்தி ஏரியிலே செம்படவன் ஒருவன் அன்பளிப்பாகக் கொடுத்த பெரிய மீனையும் அவர் தண்ணீரிலேயே விட்டார். அவர் செபம் முடிக்கும் வரை அது வள்ளத்தைச் சுற்றி விளையாடிக்கொண்டு நின்றதாம்.

இங்கே ஒரு சிறு விளக்கம். கூப்பியோ ஊர் ஓநாயின் கதை, அசிசியார் இறந்து நூறாண்டுக்குப் பின் தொகுக்கப்பட்ட சிறு மலர்கள் என்ற நூலிலே உள்ளது. நல்ல கதை, பிள்ளைகளுக்குச் சொல்ல உகந்தது. ஆனால் முயலும் மீனும் புழுவும் அவர் இறந்து சில ஆண்டுகளுக்குள் எழுதப்பட்ட செலானோவின் முதல் வரலாற்றிலேயே வருகின்றன. ஓநாய் வராத சுரூபம் கிடைப்பது அரிது. முயல் உள்ள சுரூபத்தை நான் கண்டதில்லை. சிறியது எப்பொழுதும் மறக்கப்படுகிறது போலும்.

பறவைகளுக்குப் போதித்த சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு முந்திய நிலையைப் பலர் கவனிப்பதில்லை. தனிமையில் செபத்தில் நிலைப்பதா, ஊர் ஊராகப் போய்ப் போதிப்பதா என்று தீர்மானிக்க முடியாமல் அசிசியார் பல நாட்கள் உள்ளுக்குள் அலைக்கழிந்தார் என்று புனித பொனவெந்தூர் எழுதுகிறார். தாமே முடிவு செய்ய இயலாமல், சகோதரர் சில்வெஸ்தரிடமும் புனித கிளாராவிடமும் ஆளனுப்பிக் கேட்டார். போதிக்கும்படி இருவரிடமிருந்தும் ஒரே பதில் வந்தது. உடனே எழுந்து நடந்தார். பெவான்யா என்னும் ஊருக்குக் கிட்டப் போனபோது, வெளியொன்றில் பெருங்கூட்டமாகப் பறவைகள் இறங்கியிருக்கக் கண்டார். புறாக்கள், காகங்கள், இன்னும் பல. கூட வந்தவர்களை வழியில் விட்டுவிட்டு அவற்றினிடம் ஓடினார். தம்மைக் கண்டு அவை பறக்காதது அவருக்கே வியப்பாயிற்று. பேசினார். அவை கழுத்தை நீட்டிச் சிறகை விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தன. அவர் அவற்றின் நடுவே நடந்தபோது அங்கியின் ஓரம் அவற்றின் தலைகளில் பட்டது. இதற்கு முன் இவற்றுக்குப் போதிக்காமல் விட்டேனே என்று தம்மையே குறை சொல்லிக்கொண்டாராம். பல நாள் குழப்பத்துக்குப் பின் வாய் திறந்து பேசிய அந்தப் போதனையைக் கேட்டவர்கள் காகங்களும் புறாக்களும் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இனி அவருடைய இருண்ட ஆண்டுகளைச் சொல்ல வேண்டும். 1219ஆம் ஆண்டு, சிலுவைப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், எகிப்துக்குப் போய்ச் சுல்தான் அல்-காமிலைச் சந்தித்தார். அந்தப் பயணத்திலிருந்து கடுமையான கண்நோயோடு திரும்பினார். திரும்பியதும் சபைக்குள்ளே குழப்பம். பன்னிருவராய்த் தொடங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டார்கள். வறுமையைக் கொஞ்சம் தளர்த்தலாம், ஒழுங்கைக் கொஞ்சம் மாற்றலாம் என்று கற்றவர்கள் பலர் நெருக்கினார்கள். 1220ஆம் ஆண்டு அவர் தலைமைப் பொறுப்பைத் துறந்தார். தாம் பெற்று வளர்த்த குடும்பம் தம் கண்முன்னே வேறு வழியில் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தந்தையின் நிலை. இதை அனுபவித்த பெற்றோர் உங்களிலும் இருப்பீர்கள்.

போர்சியுங்குலா என்று அழைக்கப்படும் சம்மனசுகளின் இராக்கினி கோவிலருகே அவர் தங்கியிருந்தபோது ஆன்மாவில் ஒரு பெரும் சோதனை அவரைப் பிடித்ததென்றும், அது இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்ததென்றும் அவருடைய தோழர்கள் பதிந்து வைத்தார்கள். அந்நாட்களில் அவர் சகோதரர்களைக் கண்டு ஒதுங்கிப் போவாராம். வழமையான மலர்ந்த முகத்தை அவர்களுக்குக் காட்ட முடியாததே காரணம். துக்க முகத்தோடு திரியக்கூடாது, மனச்சோர்வு சாத்தானுக்கு மகிழ்ச்சி தரும் நோய் என்று மற்றவர்களுக்குப் படிப்பித்தவர் இவர்! தாம் படிப்பித்ததைத் தாமே நிறைவேற்ற இயலாமல் மரங்களுக்குள் மறைந்து அழுதார். அந்தச் சோதனை கடைசியில் செபத்திலேதான் நீங்கியது. கடுகளவு விசுவாசம் மலையைப் பெயர்க்கும் என்ற நற்செய்திப் போதனை ஒரு நாள் கோவிலில் அவர் உள்ளத்தில் உறைக்க, அந்த மலை இந்தச் சோதனையே என்று உணர்ந்து விடுதலை பெற்றார். சில்வண்டு வந்து அவரைக் குணமாக்கியதென்று நான் கதை கட்ட மாட்டேன்.

ஆனால் சில்வண்டு வந்தது உண்மை. அதே போர்சியுங்குலாவில், ஒரு கோடையில், அவருடைய அறைக்குப் பக்கத்தில் நின்ற அத்திமரத்தில் இருந்து ஒரு சில்வண்டு இரைந்துகொண்டிருந்தது. எமது வளவுகளிலும் வெயிற் காலத்தில் கேட்கிற இரைச்சல்தான். நாம் காதைப் பொத்திக்கொள்வோம். அவர் கையை நீட்டி அதைக் கூப்பிட்டார். அது இறங்கி வந்து விரலில் ஏறியது. மற்றக் கையின் விரலால் மெல்லத் தொட்டுப் பாடச் சொன்னார். அது பாடியது. அவரும் கூடச் சேர்ந்து இறைவனைப் புகழ்ந்தார். ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் இப்படிக் கழிந்தபின், எடுத்த கொப்பிலேயே அதைத் திரும்ப விட்டார். எட்டு நாட்கள் இது நடந்தது. அறையை விட்டு வெளியே வரும்போதெல்லாம் அது அதே இடத்தில் இருந்தது, கூப்பிட்டால் வந்தது. இதனால் அவருக்குப் பெரும் ஆறுதல் உண்டாயிற்று என்று தோழர்கள் எழுதினார்கள். எட்டாம் நாள், இது எம்மைப் போதுமான அளவு மகிழ்வித்தது, இனி விடை கொடுப்போம் என்று அதை அனுப்பிவிட்டார். இந்த அற்புதத்தால் தமக்கு வீண் பெருமை வந்துவிடுமோ என்ற பயமே அதற்குக் காரணம். அது போனது; பிறகு வரவில்லை.

எட்டு நாள், நாளுக்கு ஒரு மணித்தியாலம். அவருடைய மற்றத் துன்பங்கள் அந்த எட்டு நாளும் அப்படியே இருந்திருக்கும். சபைக் குழப்பம் தீரவில்லை, கண்நோய் மாறவில்லை. ஆயினும் அந்த ஒரு மணித்தியாலம் அவருடையதாயிற்று. மனம் இருண்டிருப்பவர்களுக்கு ஒரு மணித்தியாலம் எவ்வளவு பெரியதென்று இருண்டிருந்தவர்களுக்குத் தெரியும்.

லா வேர்னா மலையிலும் இப்படி ஒரு நட்பு உண்டாயிற்று. 1224ஆம் ஆண்டு நாற்பது நாள் உபவாசத்துக்கு அங்கே போனார். ஐந்து காய வரம் பெற்றதும் அம்மலையிலேதான். அவருடைய குடிலுக்கு அருகே கூடு கட்டியிருந்த வல்லூறு ஒன்று, நள்ளிரவுச் செபத்துக்கு அவர் எழும்பும் நேரத்தில் குரல் கொடுத்து அவரை எழுப்பும். அவருக்குச் சுகவீனம் கூடிய நாட்களில் நள்ளிரவில் கத்தாமல், விடியும் நேரத்தில் மெதுவாகக் குரல் கொடுக்குமாம். வல்லூறு இவருடைய நோயை அறிந்ததா என்று நீங்கள் கேட்கலாம். செலானோ அறிந்தது என்கிறார். எப்படியானாலும், தம்மை எழுப்ப ஒருவர் இருக்கிறார், தம் சுகவீனத்தைக் கவனிக்கவும் ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணம் மலையுச்சியில் தனித்திருந்த நோயாளிக்கு என்ன செய்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

அவர் இந்த ஆறுதலைத் தமக்கென மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. தோட்ட வேலை செய்யும் சகோதரருக்கு ஒரு கட்டளை கொடுத்திருந்தார்: முழு நிலத்திலும் மரக்கறி போடாமல் ஒரு பகுதியைக் காட்டுப் பூண்டுகளுக்கும் பூக்களுக்கும் விட்டுவிட வேண்டும். விறகு தறிக்கப் போகிறவர்கள் மரத்தை அடியோடு தறிக்காமல், மீண்டும் தளிர்க்க இடம் வைத்துத் தறிக்க வேண்டும். பிச்சை எடுத்துச் சாப்பிடுகிறவர்களின் தோட்டத்தில் பூவுக்கு இடம்! ஒரு பிடி கீரை குறைந்தாலும் பரவாயில்லை, வழியில் போகிற ஒருவர் நின்று பார்க்க ஏதாவது இருக்கட்டும் என்று எண்ணினார். வளவு முழுவதையும் சீமெந்து பூசி மூடிவிட்டு, பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கிறார்கள் என்று குறைப்படுகிறவர்கள் இந்தக் கட்டளையை ஒரு முறை யோசித்துப் பார்க்கலாம்.

இப்போது 1225ஆம் ஆண்டுக்கு வருகிறோம். கிளாராவும் அவருடைய சகோதரிகளும் வாழ்ந்த சான் டமியானோ மடத்தருகே, பாய்களால் அடைத்த ஒரு சிறு குடிலில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். ஐம்பது நாட்களுக்கு மேலாகப் பகலில் சூரிய வெளிச்சத்தையும் இரவில் நெருப்பு வெளிச்சத்தையும் அவரால் தாங்க முடியவில்லை. இருட்டிலேயே இருந்தார். கண்வலியால் இரவில் நித்திரை இல்லை. போதாததற்கு எலிகள். அவருக்கு மேலாலும் சுற்றிவரவும் ஓடின, உறங்க விடவில்லை, செபிக்க விடவில்லை, சாப்பிடும்போது மேசையிலும் ஏறின. கவனியுங்கள், முயலுக்கும் மீனுக்கும் தேனீக்கும் பரிந்தவரின் வரலாற்றில் இந்த எலிகளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் இல்லை. அவரும் தோழர்களும் அவற்றைச் சாத்தானின் தொல்லையாகவே எண்ணினார்கள். எல்லாச் சிறு உயிரும் எல்லா நேரமும் ஆறுதல் தருவதில்லை என்பதை அவர் வரலாறு மறைக்காதது நல்லது.

ஓர் இரவில் தம் நிலையை எண்ணித் தம்மேலேயே அவருக்குப் பரிதாபம் உண்டாயிற்று. பொறுமை தரும்படி இறைவனிடம் மன்றாடினார். இந்தத் துன்பங்களுக்குப் பின் விண்ணக அரசு உமக்கு நிச்சயம், ஆகவே இப்போதே அங்கிருப்பவர்போல் மகிழ்ந்திரும் என்ற உறுதியை உள்ளத்தில் பெற்றார். விடிந்ததும் எழுந்து உட்கார்ந்து, தோழர்களை அழைத்து, சற்று நேரம் சிந்தித்தபின் ஒரு பாட்டுக் கட்டினார். இலத்தீனில் அல்ல, அசிசித் தெருவிலும் சந்தையிலும் பேசிய மொழியில். அதுவே சூரிய சகோதரனின் கீதம். இத்தாலிய மொழியில் இன்று எமக்குக் கிடைக்கும் மிகப் பழைய கவிதைகளில் ஒன்று அது. 2025ஆம் ஆண்டோடு அதற்கு 800 ஆண்டுகள் நிறைந்தன. அதற்கு இராகமும் அமைத்துத் தோழர்களுக்குப் படிப்பித்தார். துறவியாகு முன் கவிராயராகப் பேர்பெற்றிருந்த சகோதரர் பசிபிக்கோவை அழைத்து, சகோதரர் சிலரோடு ஊர் ஊராகப் போய் இதைப் பாடும்படி அனுப்ப விரும்பினார்.

அந்தப் பாட்டில் சூரியன், சந்திரன், விண்மீன்கள், காற்று, தண்ணீர், நெருப்பு, பூமி ஆகியவற்றைச் சகோதரன் என்றும் சகோதரி என்றும் வரிசையாக அழைத்து இறைவனைப் போற்றுகிறார். இரண்டு விடயங்களை நீங்கள் கவனிக்க வேண்டும். பறவைகளின் நண்பர் என்று உலகம் கொண்டாடும் இவருடைய பாட்டில் ஒரு பறவையும் இல்லை; ஒரு விலங்கும் இல்லை. மற்றது, அவர் முதலாவதாகப் புகழ்வது சூரியனை. அன்று அவர் கண்ணைக் குத்தி வருத்தியது அந்தச் சூரியனின் ஒளியே. நெருப்பையும் அழகும் களிப்பும் வலிமையும் உள்ள சகோதரனாகப் போற்றுகிறார். இரவில் அவரால் அண்ட முடியாதிருந்தது அந்த நெருப்பே. இருபது வயது கடந்த வாலிபனாக, பழுதற்ற கண்களோடு வயல்வெளியைப் பார்த்து ஒன்றும் உணராமல் திரும்பியவர், நாற்பத்து மூன்று வயதளவில் பாய்க் குடிலின் இருட்டில் இருந்துகொண்டு அந்த வயல்வெளியின் பூக்களையும் கனிகளையும் நிறத்தோடு பாடினார். இடையில் கழிந்த இருபது ஆண்டுகளில் புழுவுக்கும் முயலுக்கும் சில்வண்டுக்கும் குனிந்து குனிந்து அவர் சேர்த்து வைத்தது அன்று உதவிற்று என்பதே என் கருத்து.

அந்தப் பாட்டுக்கு விரைவிலேயே ஒரு வேலை வந்தது. அசிசி ஆயருக்கும் நகரத் தலைவருக்கும் கடும் பகை மூண்டிருந்தது. மன்னிப்பவர்களைப் பற்றி ஓரடியைப் புதிதாகச் சேர்த்து, இருவர் முன்னிலையிலும் போய்ப் பாடும்படி சகோதரர்களை அனுப்பினார். இருவரும் அங்கேயே ஒப்புரவானார்கள்.

அசிசியார் முதலில் வைத்தியத்துக்கு இணங்காமல் இருந்தவர்தான். சகோதரர் எலியாஸின் வற்புறுத்தலாலேயே ரியெத்திக்குப் பக்கத்தில் உள்ள பொந்தே கொலொம்போவுக்குப் போனார். மனத்துக்குப் பாட்டும் உடலுக்கு வைத்தியமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஆனால் அக்கால வைத்தியம் பயங்கரமானது. தாடையிலிருந்து புருவம் வரை பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு வைத்தார்கள். இரும்பு நெருப்பில் கிடந்தபோது அசிசியார் பயந்தார். பின்பு நெருப்பைச் சகோதரனே என்று அழைத்து, உன்னை எப்போதும் நேசித்தேனே, இந்த வேளையில் என்மேல் தயவாயிரு என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அதன்மேல் சிலுவை அடையாளம் வரைந்தார். கூட இருந்த சகோதரர்கள் பார்க்கப் பொறுக்காமல் ஓடிவிட்டார்கள். திரும்பி வந்தவர்களிடம், நோவும் தெரியவில்லை, சூடும் தெரியவில்லை என்றார். வைத்தியர் திகைத்துப் போனார். கண்ணுக்கு இதனால் ஒரு பயனும் உண்டாகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1226ஆம் ஆண்டு கோடைக்குப் பின் அவரை அசிசி ஆயரின் மாளிகையில் வைத்துப் பராமரித்தார்கள். மரணம் கிட்டியதென்று வைத்தியர் வெளிப்படையாகச் சொன்னபோது, பாட்டில் மரணத்தையும் சகோதரியாக அழைத்துக் கடைசி அடியைச் சேர்த்தார். பகலிலும் இரவிலும் பாட்டைப் பாடச் சொன்னார். எலியாஸுக்குச் சங்கடமாய்ப் போயிற்று. மாளிகையைச் சுற்றிக் காவல் நின்றவர்கள், மரணத்துக்கு ஆயத்தம் செய்ய வேண்டிய மனிதர் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறாரே என்று இடறல் அடைவார்களோ என்று பயந்தார். எலியாஸ் பொறுப்புள்ள மனிதர். அவருடைய பயமும் விளங்கக் கூடியதே. ஆனால் அசிசியார் பாட்டை நிறுத்தவில்லை.

பின்பு போர்சியுங்குலாவுக்கே தம்மைக் கொண்டுபோகும்படி கேட்டார். காவிச் சென்றவர்களை நடுவழியில் நிறுத்தி, நகர் இருக்கும் பக்கம் தம்மைத் திருப்பச் செய்து, தமக்குத் தெரியாத அந்த நகரை ஆசீர்வதித்தார். ஒக்ரோபர் 3ஆம் திகதி சனிக்கிழமை மாலை, வெறும் நிலத்தில் கிடத்தப்பட்டவராய் உயிர் நீத்தார்.

பறவைகளுள் அவர் அதிகம் நேசித்தது கொண்டை வானம்பாடியை. அதன் கொண்டை துறவியின் தலைமூடிபோல் இருக்கிறது, இறகு மண்ணின் நிறம், வழியில் கிடக்கும் தானியத்தைப் பொறுக்கித் தின்றுவிட்டுப் பாடிக்கொண்டு மேலே போகிறது என்பார். சக்கரவர்த்தியிடம் பேச வாய்த்தால், வானம்பாடிகளை ஒருவரும் பிடிக்கலாகாது என்றும், கிறிஸ்து பிறந்த நாளன்று வழிகளில் அவற்றுக்குத் தானியம் தூவ வேண்டும் என்றும் சட்டம் போடும்படி கேட்பேன் என்று சொல்லி வந்தார். சக்கரவர்த்தியிடம் பேசும் வாய்ப்பு வரவில்லை. வானம்பாடி வெளிச்சத்தை விரும்பும் பறவை. பொழுது சாய்ந்தால் அடங்கிவிடும். அந்தச் சனிக்கிழமை மாலை, இருட்டிக்கொண்டு வரும் நேரத்தில், அவர் கிடந்த வீட்டின் கூரைக்கு மேலே வானம்பாடிகள் பெருங்கூட்டமாய்த் தாழப் பறந்து, நெடுநேரம் வட்டமிட்டுப் பாடிக்கொண்டிருந்ததை அங்கே நின்ற சகோதரர்கள் கண்டார்கள்.